பெயர் வேண்டாம் என்றவள்

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கையும் காலும் வாயும் இருந்தன. ஆங்கிலச் சொற்களெல்லாம் ஒரே ஊரில் குடியிருந்தன. மனிதர்கள் யாராவது பேச வாயெடுத்தால் போதும், அந்த ஊரில் மணி அடிக்கும். பெயர்ச்சொல் முன்னே, வினைச்சொல் பின்னே என்று ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். கூப்பிட்டும் வராத பெயரை மனிதர்கள் அடியோடு மறந்துபோவார்கள். அது அந்த ஊர்ச் சட்டம்.

அங்கே மார்கரெட் என்றொரு பெயர்ச்சொல் இருந்தாள். "மார்கரெட் எழுந்தாள், மார்கரெட் மார்கரெட்டின் தலையை வாரினாள், மார்கரெட் மார்கரெட்டின் பூனைக்குப் பால் வைத்தாள்" என்று வாய்க்கு வாய் அவளையே இழுப்பார்கள். மூச்சு விட நேரமிருக்காது. இந்த லட்சணத்தில் அவளுக்குக் குழந்தையும் பிறந்தது. பச்சை உடம்புக்காரி என்று மணி இரக்கப்படுமா?

அவளுக்கு ஒத்தாசையாக இருந்தவள் ஷீ. பிறந்த அன்றே தாயை இழந்தவள். தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க ஆளில்லை. ஷீ என்பது பெயரல்ல, கூப்பிட ஒரு சத்தம், அவ்வளவுதான். தனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று அவள் ஏங்காத நாளில்லை.

ஒருநாள் காலையில் மணி அடித்தது. மார்கரெட் போய் ஒரு தடவை நின்றுவிட்டு வந்து வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். உள்ளே குழந்தை வீறிட்டது. மணி மறுபடியும் அடித்தது.

"இனி என்னால முடியாது ஷீ. என் பேர் அழிஞ்சா அழியட்டும்," என்றாள்.

"நீங்க பிள்ளைக்குப் பால் குடுங்க அக்கா. நான் போய் நிக்கிறேன்," என்று ஷீ மார்கரெட்டின் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினாள்.

வரிசையில் ரன் என்ற வினைச்சொல் காத்திருந்தார். ஒரு நிமிஷம்கூடக் கால் தரையில் பாவாத மனிதர். "யாரும்மா நீ? உன்னைப் பார்த்தா யாருன்னு எப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார்.

"இப்பத்தான அக்கா வந்து முகம் காட்டிட்டுப் போனாங்க, மாமா. அவங்களுக்குப் பின்னாடியே வர்றவ அவங்க ஆளுதான்னு கேக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

ரன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். வாக்கியம் தடங்கலில்லாமல் நடந்தது. கேட்டவர்களும் மார்கரெட்டையே நினைத்துக்கொண்டார்கள். பெயர் பிழைத்தது.

அன்று சாயங்காலம் மார்கரெட், "இந்தத் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, ஷீ. என் பிள்ளையோட சேர்த்து உனக்கும் பேர் வைக்கிறேன்," என்றாள்.

ஷீவின் கண் நிறைந்தது. தொட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எதிர்வீட்டுக் கேத்தரின், தள்ளாத வயதில், விழுந்தடித்துக்கொண்டு ஓடுவது வாசல் வழியே தெரிந்தது. ஷீ கயிற்றை விட்டுவிட்டாள்.

"வேண்டாம் அக்கா. பேர் வச்சா நான் அந்த ஒரு பேருக்கு மட்டும்தான் சொந்தமாவேன். அப்புறம் உங்களுக்கெல்லாம் பதிலா யார் போய் நிப்பா?"

மார்கரெட் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷீவும்தான் அழுதாள். ஆசையாசையாய்க் கேட்டது கைக்கு வந்தபோது வேண்டாமென்று சொல்வது லேசா? பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சால்வையும் கையுமாகக் கேத்தரின் பின்னால் ஓடினாள்.

அன்று முதல்தான் ஆங்கிலத்தில் ஒரு பெண்ணின் பெயர் முதலில் ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டு இளைப்பாறப் போகிறது. மிச்ச தூரமெல்லாம், தனக்கென்று ஒரு பெயரில்லாத ஷீ நடக்கிறாள்.