துணியோடு ஒரு குளியல்

செங்குளத்தூரை ஆண்ட ராசா திருமலைக்கொழுந்து நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது சாத்திரம் என்று வாயெடுத்தால் போதும், நடுங்கிவிடுவார். அந்த நடுக்கத்தை வைத்தே செல்வாக்கோடு வாழ்ந்தார் தருமாதிகாரி நரஹரி.

ஒருநாள் காலை சபைக்குள் இரண்டு பேரைக் கைகட்டி இழுத்துவரச் செய்தார் நரஹரி. ஒருவன் குதிரைப்படைத் தலைவன் கட்டியப்பன். மற்றவன் கோயிலில் மிருதங்கம் வாசிக்கும் பூவராகன். இருவரும் ஒரே வீட்டில் வாழ்வது ஊருக்கெல்லாம் தெரியும். அதனால் ஊரில் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. ஆனால் கட்டியப்பனின் பதவி மேல் நரஹரியின் மைத்துனனுக்கு ஒரு கண் இருந்தது.

"மகாராசா! இவர்கள் புருஷன் பெண்டாட்டி போல வாழ்கிறார்கள். இந்தப் பாவத்தால்தான் பட்டத்துக் குதிரை நொண்டுகிறது!" என்றார் நரஹரி.

"குதிரைக்கு லாடம் கழன்றதாக அல்லவா சொன்னார்கள்?" என்று கேட்டார் அரசவை விகடர் சிற்றம்பலம்.

"லாடம் ஏன் கழன்றது? பாவத்தால்!"

ராசா கட்டியப்பனைப் பார்த்தார். போன போரில் அடிபட்டுக் கிடந்த தம்மைத் தோளில் சுமந்து வந்தவன் அவன்.

"உண்மையா?"

"சேர்ந்து வாழ்வது உண்மை மகாராசா. பாவம் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்."

பூவராகன் ஓரடி நகர்ந்து கட்டியப்பனை ஒட்டி நின்றான்.

ராசா பார்வையைத் திருப்பிக்கொண்டார். "சாத்திரம் என்ன சொல்கிறதோ அதுவே தீர்ப்பு. ஓர் எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"தலையை வெட்டச் சொல்கிறது" என்றார் நரஹரி.

சிற்றம்பலம் எழுந்தார். "அந்த அழகான வரியை நாங்களும் காதால் கேட்கலாமே. சுவடியைப் பிரியுங்கள் சுவாமி."

நரஹரி வடமொழியில் கடகடவென்று ஓதினார். சபையில் வடமொழி தெரிந்த இரண்டொருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தமிழில்?"

"அது... ஆணோடு கூடிய ஆண்..."

"ம்?"

"...உடுத்த துணியோடு குளிக்க வேண்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. நரஹரிக்கு முகம் சிவந்தது. "சிரிக்காதீர்கள்! சாத்திரத்துக்கு உள்ளர்த்தம் உண்டு. குளிப்பது என்றால் இரத்தத்தில் குளிப்பது. அதாவது சிரச்சேதம்!"

"அடடா! சுவாமி இன்று காலையில் குளித்தீர்களோ?"

"விடியுமுன் குளிக்காமல் நான் வெளியே வந்ததே இல்லை."

"அப்படியானால் இங்கே பேசிக்கொண்டிருப்பது யார்?"

ராசா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நரஹரி விடவில்லை. "என் குளியல் வேறு. இந்த வரியில் வரும் குளியல் வேறு!"

"சரி, வரிக்கே வருவோம். அது அங்கேயே முடிகிறதா? மீதியையும் படியுங்கள்."

"மீதி இந்த வழக்குக்குத் தேவையில்லை."

"ஓர் எழுத்தும் குறையக் கூடாது என்பது ராசா உத்தரவு."

நரஹரி சுவடியை மறுபடி தூக்கிப் பிடித்தார். "மாட்டுவண்டியில் பெண்ணோடு கூடியவன்... தண்ணீருக்குள் கூடியவன்... பட்டப்பகலில் கூடியவன்... எல்லாருக்கும் அதே குளியல்."

சிரிப்பு சட்டென்று நின்றது. சேனாபதி விட்டத்தைப் பார்த்தார். மந்திரி மோதிரத்தைத் திருகினார். கோடை முழுவதும் ராணியோடு நீராழி மண்டபத்தில் கழித்த ராசா, தம் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மகாராசா, குளியல் என்றால் சிரச்சேதமே ஆகட்டும். வெட்டுவதற்கு ஆள் மிஞ்சுவானா என்பதுதான் என் கவலை" என்றார் சிற்றம்பலம்.

"குளியல் என்றால் குளியல்தான்!" ராசா அவசரமாகக் கூவினார்.

இப்போது விகடரின் குரலில் விளையாட்டு இல்லை. "சுவடி தண்ணீர் கேட்கிறது. இவர் இரத்தம் கேட்கிறார். அதிகப்படியாகக் கேட்பது சாத்திரம் இல்லை, இவருடைய மைத்துனன். அந்தத் தண்ணீர்கூட எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. வெயில் காலம், போகட்டும் என்று விடுகிறேன்."

கட்டுகளை அவிழ்த்தார்கள். இருவரும் அரண்மனைக் குளத்தில் இறங்கி முங்கி எழுந்தார்கள். பூவராகன் அப்போதுதான் அழுதான். முகமெல்லாம் ஈரமாக இருந்ததால் கட்டியப்பனைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை.

"என்ன புழுக்கம்!" என்று சொல்லிக்கொண்டே ராசா பட்டு வேட்டியோடு இறங்கினார். சேனாபதி வாளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். மந்திரி தலைப்பாகையோடே குதித்தார். சேதி பரவிற்று. ஊராரும் ஒவ்வொருவராக வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் குளத்தில் கால் வைக்க இடமில்லை.

படியில் உலர்ந்த துணியோடு நின்றவர் நரஹரி ஒருவர்தான்.

"தருமாதிகாரி இறங்கவில்லையா?" என்றார் ராசா.

"நான் அப்பழுக்கற்றவன் மகாராசா. எனக்கு இந்தக் குளியல் தேவையில்லை."

பெண்கள் துறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஈரப்புடவையோடு கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள் நரஹரியின் மனைவி அலர்மேலு.

"ஏன்னா! நான் எப்பவோ இறங்கியாச்சு. தேருக்கு வண்டி கட்டிண்டு போனோமே, அந்தக் கதையை நான் சொல்லட்டுமா, இல்லை நீங்களே இறங்கறேளா?"

படிப்பக்கமிருந்து தொபுக்கென்று ஒரு சத்தம்தான் வந்தது.