நிலா மேட்டு மண்

அர்த்தநாரிக்கு அறுபத்தொரு வயது. அவருடைய ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டுதான். பூகோள வாத்தியாராக ஓய்வுபெற்ற கையோடு, நிலவின் மேட்டுநிலத்தை ஆராயப்போகிறேன் என்று சேலத்துப் பல்கலைக்கழகத்தில் அவளிடம் ஆய்வு மாணவராக வந்து சேர்ந்த மனிதர் அவர். ஊரே சிரித்தது. மனைவி பாவாயி மட்டும் சிரிக்காமல் டிபன் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

அந்தப் பாவாயி போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

அன்று காலை அர்த்தநாரி ஒரு விடுப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு வருஷமா? என்ன பண்ணப் போறீங்க சார்?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். கதவைச் சாத்திக்கிட்டு வீட்டோட இருக்கப் போறேன். பொண்ணைக்கூட வர வேண்டாம்னுட்டேன். யார் வந்து பேசினாலும் குத்துது. தனியா விட்டா, நாளாக நாளாகத் தானா ஆறிடுமுங்க. ஆறாதுங்களா?"

மெஹருன்னிசாவுக்கு அந்த மனிதர்மேல் கொள்ளைப் பிரியம். எழுந்துபோய் இரண்டு டப்பாக்களை எடுத்துவந்தாள். அவருடைய ஒரு கையில் காவிரி மணலைக் கொட்டினாள். மறு கையில், நாமக்கல் பக்கத்து வெள்ளைப் பாறையை இடித்து, நிலா மண்ணுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைத்திருந்த தூளைக் கொட்டினாள்.

"விரலால நெருடிப் பாருங்க."

நெருடினார். "மணல் வழுக்குதுங்க. இது அறுக்குது."

"நிலா மேட்டு மண்ணும் இப்படித்தானே அறுக்கும்? ஏன் சார்?"

பாடம் என்றதும் வாத்தியாருக்குக் குரல் நிமிர்ந்துவிட்டது. "இந்த மணல் ஆத்துல உருண்டு, ஒண்ணோட ஒண்ணு உரசி மழுங்கினதுங்க. அங்க தண்ணி ஏது, காத்து ஏது? விண்கல் விழுந்து உடைச்சா இன்னும் கூராத்தான் ஆகும். மழுங்க வைக்க ஒண்ணுமே கிடையாது."

"எவ்வளவு காலமா?"

"அந்தப் பாறைக்கு நானூறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. சும்மா கிடந்தா எத்தனை வருஷம் ஆனாலும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர், கையிலிருந்த தூளிலிருந்து கண்ணை எடுத்து மேசைமேல் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

மெஹருன்னிசா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"ஒரு வருஷம் போதுமா சார்?" என்று கேட்டாள்.