மாப்பிள்ளை கார் கொதித்த காலை

மூக்காண்டிவிளைக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வதெல்லாம் பொய். உண்மை அதைவிட மோசம். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொன்னால், ஏன் சொன்னார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். மூக்காண்டிவிளையில் அப்படி யோசிப்பது சொன்னவருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. சொன்னபடி செய்துவிட்டு, என்ன நடந்தது என்று எழுந்து பார்ப்பார்கள்.

அந்த ஊர்த் தங்கப்பழத்துக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் கேசரியும் பஜ்ஜியும் கிடைத்தன, பெண் மட்டும் கிடைக்கவில்லை. அவன் வாயைத் திறந்ததும் பெண்ணின் அப்பா வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆலங்கரைக்குப் போன அன்று நல்லவேளையாக அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அமைதியான பையன் என்று பெண்வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். பெண் செல்வக்கனி, சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள். அவளுடைய அப்பா கறாரான மனிதர். "ஒம்பதரைக்குள்ள தாலி ஏறணும். முகூர்த்தம் தப்புனா கல்யாணம் கெடையாது, பாத்துக்கிடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளை காரில் மூன்று பேர். ஓட்டியவர் தங்கப்பழத்தின் அக்காள் கணவர், பெருமாள். பக்கத்தில் சித்தப்பா இசக்கிப்பாண்டி, குடும்பத்திலேயே புத்திசாலி என்று பெயர் எடுத்தவர். மற்ற இருவரையும் பார்த்தால் அந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது என்று புரியும். பின் இருக்கையில் பட்டுவேட்டியும் சந்தனமும் மாலையுமாகத் தங்கப்பழம். புறப்படும்போது அம்மா, "ஏல, நல்ல காரியத்துக்குப் போற, திரும்பிப் பாக்கப்படாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் அவன் கழுத்தைக் கம்பு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காரின் முன்பக்கத்தை மறைத்து ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் தங்கப்பழத்தின் முகம், முறுக்கிவிட்ட மீசையோடு. ஒரு கைப்பிடி காற்றுகூட உள்ளே போக வழியில்லாதபடி நாலு மூலையையும் இழுத்துக் கட்டியது பெருமாள்தான்.

பாதி தூரம் போவதற்குள் பேனட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. பெருமாள் வண்டியை ஓரங்கட்டினார். மூவரும் இறங்கி, சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"காய்ச்சல்தான்," என்றார் சித்தப்பா. புறங்கையை பேனட்டின் மேல் வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "கடுமையான காய்ச்சல்."

"ராத்திரி பனியில நிறுத்தியிருந்தேன் மாமா," என்று குற்றவாளி போலச் சொன்னார் பெருமாள்.

"அதான் மருமகனே! தை மாசத்துப் பனி பொல்லாதது."

இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி எந்த வீட்டிலும் பஜ்ஜிகூடப் போடமாட்டார்கள் என்பது தங்கப்பழத்துக்கே தெரியும். மெக்கானிக் சாலமோனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"என்ஜின் சூடாயிட்டு அண்ணாச்சி," என்றார் சாலமோன். "முன்பக்கம் காத்து போற எடத்துல எதுவும் அடைச்சிருக்கா?"

"ஒண்ணும் அடைக்கல. நான்தான் இருக்கேன்," என்றான் தங்கப்பழம்.

"நீங்களா?"

"என் போட்டோ. ஃபிளெக்ஸ்."

"அதை மொதல்ல களத்தி எறிங்க! பேனட்டைத் தொறந்து காத்தோட்டமா விடுங்க. சூட்டோட ரேடியேட்டர் மூடியில கையை வச்சிராதீங்க, கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். நல்லா ஆறின பெறகு மூடியைத் தொறந்து நல்ல தண்ணி ஊத்துங்க. உப்புத் தண்ணி ஆகாது. நாலு கிலோமீட்டர் போய்த்தான் ஆகணும்னா ஏசியை நிப்பாட்டிட்டு ஹீட்டரைப் போடுங்க, என்ஜின் சூட்டை அது இழுத்துக்கிடும். சூடு காட்டுற முள்ளு மேல ஏறாமப் பாத்துக்கிடுங்க."

இதில் எந்தச் சொல்லிலும் குறை கிடையாது. குறை, அது போய்ச் சேர்ந்த காதுகளில் இருந்தது.

முதலில் ஃபிளெக்ஸ் பிரச்சினை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் கழற்றி எறிவதா? பெருமாள் கண் கலங்கிவிட்டார். அபசகுனம் பிடித்தாற்போல அச்சானியமாகப் பேசிய மெக்கானிக்கின் நாக்கில் சூடு போடவேண்டும் என்றார். தங்கப்பழத்துக்கும் மனமில்லை. இத்தனை வருஷத்தில் அவன் முகத்தை இவ்வளவு பெரிதாக யாரும் மதித்ததில்லை.

சித்தப்பா கண்ணை மூடி யோசித்தார். "வண்டிக்கு வேண்டியது காத்து. காத்து போறதுக்கு மனுசனுக்கு ஆண்டவன் ஒரு வழி வச்சிருக்கான்ல?" என்று சொல்லி, தேங்காய் வெட்ட வைத்திருந்த அரிவாளின் நுனியால் ஃபிளெக்ஸில் இருந்த மூக்கில் இரண்டு ஓட்டை போட்டார். ஆளுக்கு ஒரு விரலை விட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்தார்கள். தங்கப்பழம் தன் மூக்கையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்தது முள். ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதால் மூவரும் குனிந்து பார்த்தார்கள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் அது சிவப்புக் கோட்டை விட்டு இறங்குவதாகத் தெரியவில்லை.

"சும்மா பாத்தா எப்படி? கண்டிச்சுல்ல வைக்கணும்," என்ற சித்தப்பா, அரிவாளாலேயே மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, முள்ளைக் கட்டைவிரலால் அடிவரைக்கும் அமுக்கினார். "இப்ப சூடு இருக்கா?"

"சுத்தமா இல்ல மாமா," என்றார் பெருமாள், வாயைப் பிளந்தபடி.

"நான் விரலை எடுக்க மாட்டேன். நீ ஓட்டு."

ஹீட்டரையும் முழு வேகத்தில் போட்டார்கள். தங்கப்பழம் கண்ணாடியை இறக்கப் போனபோது பெருமாள் பதறிவிட்டார். "மாப்ளே, என்ன காரியம் செய்யுத? கஷ்டப்பட்டு என்ஜின்ல இருந்து சூட்டை உள்ள இழுத்திருக்கோம். வெளிய விட்டா அது நேரா என்ஜினுக்கே போயிராதா?" ஞாயம்தானே என்று நாலு கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். தங்கப்பழத்தின் நெற்றிச் சந்தனம் மூக்குக்கு வந்து, மூக்கிலிருந்து பட்டுச்சட்டைக்கு வந்தது. இட்லிக் கொப்பரையில் மாவுகூட அதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

காத்தோட்டமாக விடுவதுதான் பெரிய சிக்கலாகிவிட்டது. பேனட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். பெருமாளுக்கு எதிரே பேனட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

"மாமா, பாதையை மறைக்கே."

"அப்ப பாதை தெரியுற பக்கமாப் போ," என்றார் சித்தப்பா. பின்கண்ணாடி வழியே ரோடு துலக்கமாகத் தெரிந்தது. பெருமாள் வண்டியைச் சுற்றித் திருப்பினார். இனி ஆலங்கரை வரைக்கும் ரிவர்ஸில்தான் பயணம்.

தங்கப்பழம் திடுக்கிட்டான். "சித்தப்பா, அம்மா திரும்பிப் பாக்கப்படாதுன்னு சொல்லியிருக்காளே! அத்தான் பின்னால பாத்துல்ல ஓட்டணும்?"

பெரிய தர்மசங்கடம். வண்டி அனலில் கொதிக்க, மூவரும் அதை அலசினார்கள். கடைசியில் சித்தப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "உங்க அம்மா பாக்கப்படாதுன்னு சொன்னது நம்ம ஊரை. நம்ம ஊர் இப்ப முன்னால இருக்கு. அதனால முன்னால பாக்காத. பின்னால எவ்வளவு வேணும்னாலும் பாரு." அவ்வளவு நேரம் விறைத்திருந்த கழுத்தை வளைத்து, பின்பக்கமாகத் திரும்பி முழங்காலில் உட்கார்ந்துகொண்டான் மாப்பிள்ளை.

ரோட்டில் போனவர்கள் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டார்கள். இது தங்களுக்குக் கிடைத்த மரியாதை என்று பெருமாள் தலையை ஆட்டி ஆட்டி ஏற்றுக்கொண்டார். என்ஜின் அலறிக்கொண்டே வந்தது. முள் அடியிலேயே கிடந்ததால் யாரும் அந்த அலறலைக் கண்டுகொள்ளவில்லை.

ஆலங்கரையில் கல்யாண வீடு குளத்தங்கரைத் தெருவில். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டதால் பெண்வீட்டார் எல்லாரும் பந்தலை விட்டுத் தெருவுக்கே வந்து வழிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு கார் தெரிந்தது. அதன் முதுகு இவர்கள் பக்கம், முகம் ஊருக்கு வெளியே. பின்கண்ணாடியில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, பரிதாபமாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்?

"மாப்பிள்ளை ஓடுதான்! பிடிங்கலே!" என்று கத்திக்கொண்டு ஊரே காரை நோக்கி ஓடிவந்தது.

அந்தக் கூச்சல் மூடிய கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்டது. தங்கப்பழத்துக்கு ரத்தம் கொதித்தது. "அத்தான், எவனோ மாப்பிள்ளை ஓடுதானாம்!"

"நம்ம பொண்ணு வீட்டுல இன்னொரு மாப்பிள்ளையா?" பெருமாள் பல்லைக் கடித்தார்.

"சனம் எந்தப் பக்கமா ஓடியாருது?" என்று கேட்டார் சித்தப்பா.

"நம்மளைப் பாத்துத்தான் சித்தப்பா."

"அப்ப அந்தப் பய நமக்கு முன்னால ஓடுதான். விடாத மருமகனே, அமுக்கு!"

பெருமாள் முன் கியரைப் போட்டு, பேனட்டைத் தவிர எதுவும் தெரியாத திசையில் முழு வேகத்தில் விரட்டினார். தெரு வளைந்தது. கார் வளையவில்லை. கரையில் ஏறி, படித்துறைக்குப் பக்கத்தில் குளத்துக்குள் பாய்ந்தது. மழைக்காலம் முடிந்து நிறைந்து கிடந்த குளம் 'சுர்ர்ர்' என்று சத்தம் போட்டது. வெள்ளையாக ஒரு புகை எழுந்து அடங்கியது.

ஊர் முழுக்கக் கரையில் கூடிவிட்டது. தங்கப்பழம் கதவைத் தள்ளி, நெஞ்சளவு தண்ணீரில் எழுந்து நின்றான். மாலை மிதந்தது. காருக்குள் சித்தப்பா கழுத்துவரை முழுகியும் கட்டைவிரலை எடுக்காமல் இருந்தார். பெருமாள் நீந்திப் போய் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ளே, ஆறிட்டு! ஐஸ் கணக்கா இருக்கு!"

"மெக்கானிக் அடுத்து என்ன சொன்னான்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் சித்தப்பா.

தங்கப்பழத்துக்கு எல்லாம் நன்றாக நினைவிருந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, பந்தலும் கூப்பிடு தூரத்தில் இருந்தது, இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கரையில் கூரைப்பட்டோடு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற செல்வக்கனியைப் பார்த்தான். தொண்டை கட்டாத குரலில், பெண்பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக அவளிடம் பேசினான்.

"செல்வக்கனி, வண்டிக்கு ஊத்தணும். எங்கிட்டாவது போய் ஒரு குடம் தண்ணி கொண்டாறியா?"

செல்வக்கனி குளத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கழுத்து மாலையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

தங்கப்பழத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பாத்தீங்களா அத்தான், தங்கமான பொண்ணு. மாலை நனைஞ்சிரக் கூடாதுன்னு களத்தி வச்சிட்டு, தண்ணி எடுக்க எவ்வளவு வேகமாப் போறா!"