சிரிப்புக்கு எந்தக் கேமரா?

தணிகாசலம் தன் அறுபதாவது வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குரு அவரிடமே பிளஸ் ஒன்னில் இயற்பியல் படித்தவள், பெயர் நஸ்ரின். திண்டுக்கல்லில் ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படமெடுக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

"கத்துக்கிற இடத்துல வயசு என்ன வயசு" என்று சொல்லி அவர் அவளை டீச்சர் என்றுதான் அழைப்பார். அவளுக்குத்தான் கூச்சமாக இருக்கும். அவருடைய டயர் செருப்பு படியேறும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். அவர் போகிற வரைக்கும் உட்கார மாட்டாள். பழக்கம் யாரை விட்டது.

சீடருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மகள் சுகந்திக்கு இருபது நாளில் கல்யாணம், முடிந்ததும் மஸ்கட் போய்விடுவாள். அதற்குள் அவள் தன்னை மறந்து சிரிக்கிற படம் ஒன்று எடுத்துவிட வேண்டும். ஆல்பத்தில் அவளுடைய இருபத்தாறு வருஷமும் இருந்தது. எல்லாவற்றிலும் ஹால் டிக்கெட்டுக்குப் படமெடுக்க நிற்பவள் மாதிரி நின்றாள்.

"போஸ் கொடுக்காத படம் எடுக்கணும் டீச்சர். எதை வாங்கலாம்? சட்டைப் பையில போடுற சின்னதா, லென்ஸ் கழட்டி மாட்டுற பெருசா?"

நஸ்ரின் இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டையும் கொண்டுபோங்க சார். ஒரு வாரம் எடுத்துப் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு தணிகாசலம் பேயறைந்த முகத்தோடு வந்து நின்றார்.

"இருநூத்திப் பன்னெண்டு படம் டீச்சர். ஒண்ணுல கூட பல்லு தெரியல."

"எந்தக் கேமராவுல சார்?"

"ரெண்டுலயும்தான். சின்னதுல பட்டனை அமுக்கினா அரை செகண்டு கழிச்சுதான் படம் விழுது. அதுக்குள்ள சிரிப்பு போயிருது. பெருசுல அந்தத் தாமதம் இல்ல. ஆனா அதைத் தூக்கின உடனே சிரிப்பு போயிருது."

"எதனாலன்னு நினைக்கிறீங்க?"

"ஷட்டர் சத்தம்தான். கடக்குன்னு கேட்குது பாருங்க, அதுக்கே பிள்ளை விறைச்சுப் போயிடுறா."

"படம் விழும்போதுதானே சார் சத்தம் வரும். சிரிப்பு அதுக்கு முன்னாடியே போயிருதே."

"அடுத்த படத்துக்கு இப்பவே பயப்படுறா. சத்தம் வராத பெரிய கேமரா எதுவும் வந்திருக்கா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் இயற்பியல் வாத்தியார், கோணல் எத்தனை டிகிரி என்றும் சேர்த்துச் சொல்வார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நஸ்ரின் பெரிய கேமராவை வாங்கி அலமாரியில் வைத்தாள். சின்னதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை சுகந்தி கையில கொடுங்க. என்ன எடுக்கணும்னு சொல்லாதீங்க. மெமரி கார்டை வீட்டுல போட்டுப் பார்க்காதீங்க, இங்க கொண்டு வாங்க."

அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. படமெடுக்க வேண்டியவன் சும்மா இருக்க, எடுக்கப்பட வேண்டியவள் எடுப்பதா? ஆனாலும் குரு சொல்லிவிட்டாளே என்று கொடுத்தார். அந்த வாரமும் அவர் வண்டி வாசலில் வந்து நின்றபோதெல்லாம் வீட்டுக்குள் டிவி சத்தம் தானாகக் குறைந்தது. அதை மரியாதை என்றே அவர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

மூன்றாவது ஞாயிறு நஸ்ரின் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டாள்.

முதல் படத்தில் அவர் மனைவி சீர் முறுக்குக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் பக்கத்து வீட்டு ரெஜினா வாய் நிறைய முறுக்கோடு யாரையோ அடிக்கக் கை ஓங்கியிருந்தாள். கல்யாணப் பத்திரிகைப் பெட்டிக்குள் பூனை உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் உயிர் இருந்தது.

"அரை செகண்டு தாமதமா எடுக்குமே, அந்தக் கேமராதானா இது?" என்றார் தணிகாசலம்.

"அதேதான் சார்."

அடுத்த படத்தில் அவரே வந்தார். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முறுக்குக்கு நடுவே மனைவி எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரெஜினாவும் எழுந்து சுவரோரமாக நின்றாள். ஒரு பல்கூடத் தெரியவில்லை.

"இது வேற நாளா?"

நஸ்ரின் இரண்டு படங்களின் ஓரத்தையும் காட்டினாள். சிரிக்கிற படத்தில் தேதியோடு நாலு பத்து என்று மணி பதிந்திருந்தது. வாசலில் அவர் நிற்கிற படத்திலும் அதே தேதி, அதே நாலு பத்துதான்.

தணிகாசலம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் எந்த ஷட்டர் சத்தத்தையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு படத்துக்கும் நடுவே புதிதாக வந்தது அவர் மட்டும்தான்.

"கடைசிப் படம் ஒண்ணு இருக்கு சார்" என்றாள் நஸ்ரின்.

மத்தியானத் தூக்கம். சாய்வு நாற்காலியில் மார்பின் மேல் பேப்பர் விரிந்து கிடக்க, வாயைப் பிளந்துகொண்டு அவர் உறங்கினார். அவருக்குப் பின்னால் பீரோக் கண்ணாடி. கண்ணாடிக்குள் சுகந்தி. கேமராவைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்திருந்தாள், அதனால் முகம் மறையவில்லை. கண் இரண்டும் மூடிப்போகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தெத்துப்பல் இருந்தது.

சின்ன வயதில் அதைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. வளர வளரச் சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருந்தார். ஒரே வீட்டில் மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள்.

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். நெடுநேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் தூங்கும்போது" என்றார்.

நஸ்ரின் அந்தப் படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

"நான் முழிச்சிருக்கும்போது இந்தச் சிரிப்பு எனக்கு வேணும் டீச்சர். ஆறு நாள்தான் இருக்கு. எந்தக் கேமரா வாங்கட்டும்? சத்தமே போடாத ஒண்ணா சொல்லுங்க."

நஸ்ரின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

"சார், பிளஸ் ஒன் பி பிரிவுல நாங்க நாற்பத்தெட்டு பேர். அந்த ஸ்கூல்லயே அதிகமா சிரிக்கிற கிளாஸ் எங்களோடதுதான்."

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கிளாஸா? நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே."

"வராந்தாவுல உங்க செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் சிரிப்போம் சார்."

அவர் மறுபடி கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.