பால் தடவிய தாள்

சோதனைக்கூடத்தில் மூன்றாவது எக்ஸ்ரே பிலிமும் அடிப்பிடித்த சட்டி போல ஒரே கறுப்பாக வந்ததும், வேதநாயகம் ஆராய்ச்சியை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதிவிட்டார். கல்லூரியில் இருபத்தைந்து வருடம் பாடம் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி டாக்டர் மெஹருன்னிசா அவரைவிடப் பதினான்கு வயது சின்னவர்.

மெஹருன்னிசா கடிதத்தைப் படித்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“நாலு வருஷ வேலை போச்சு மேடம். என் புரோட்டீன்ல நானூறு அமினோ அமிலம். அதுல ஒரே ஒரு செரின்மேல பாஸ்பேட் வந்து உக்காந்தா அது முழிச்சுக்கும், எறங்கிட்டா தூங்கிடும்னு சொன்னேன். புரோட்டீனை ஏத்தின தாள்ல, பாஸ்பேட் ஏறின செரினை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை விட்டா, அது ஒட்டின இடம் மட்டும் பிலிம்ல ஒரு கறுப்புக் கோடா விழணும். பிலிம் முழுக்கக் கறுத்துக் கிடக்கு. எங்கே பாஸ்பேட்னு கேட்டா, எல்லா இடத்துலயும்னு பொய் சொல்லுது!”

“ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்கத் தாள்ல என்ன தடவுனீங்க?”

“பால் பவுடர்தான். எப்பவும் அதானே? பசங்களுக்கே நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.” குரலில் லேசாக ரோஷம் எட்டிப் பார்த்தது.

மெஹருன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“நாளைக்குக் கையெழுத்துப் போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. புரோட்டீனே ஏத்தாம, வெறும் தாள்ல பால் மட்டும் தடவி, அதே ஆன்டிபாடியை விடுங்க.”

“வெறும் தாள்ல என்ன மேடம் தெரியும்?”

“பாருங்களேன்.”

வேண்டாவெறுப்பாகத்தான் செய்தார். மறுநாள் மதியம் பிலிமைத் தூக்கிப் பிடித்தார். அதுவும் கன்னங்கரேலென்று இருந்தது.

கண்ணில் நீர் வரச் சிரித்தார். கறுப்பைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட மனிதர் அந்தத் துறையிலேயே இருந்திருக்க மாட்டார். பாலில் இருக்கும் கேசீன், செரின்களில் பாஸ்பேட்டை அள்ளிச் சுமக்கும் புரோட்டீன்; ஆன்டிபாடி அதைத்தான் பிடித்திருக்கிறது. பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவரே நடத்திய பாடம்!

நனைந்த பிலிமோடு ஓடினார்.

“மேடம், பாலு! எல்லாம் அந்தப் பாலு!”

“ஆமா சார்.”

“பாவம், மூணு மாசமா என் புரோட்டீனைப் போய்த் திட்டிட்டிருந்தேனே.”

“கூட்டத்தை அமைதியாக்கக் கூட்டிட்டு வந்த ஆளேதான் கத்திட்டிருந்திருக்கார். உங்க புரோட்டீன் இன்னும் வாயே திறக்கல சார்.”