காகம் கரையேறியது

அந்தக் காலத்தில் காகம் கடற்பறவையாக இருந்தது. மனிதரோடு மனித மொழியில் பேசவும் செய்தது. அப்போது ஆறு கடலில் சேரும் இடத்தில் நெடுந்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அதற்கு அரசன் கிடையாது. கப்பல் வைத்திருந்த குடும்பங்கள் வீட்டுக்கு ஒருவரைச் சபைக்கு அனுப்பும். சபை கை தூக்கிச் சொன்னதே சட்டம்.

நடுக்கடலில் திசை தப்பினால் கப்பல்காரர்கள் காகத்தைப் பறக்கவிடுவார்கள். அது நிலம் இருக்கும் பக்கம் பறக்கும். கப்பல் பின்னாலேயே போகும். மற்றத் துறைகளின் கப்பல்கள் கரையை ஒட்டியே ஊர்ந்தபோது, நெடுந்துறைக் கப்பல்கள் கடலைக் குறுக்காகக் கடந்து மிளகை இறக்கிக் குதிரை ஏற்றி வந்தன. கூரை வீடெல்லாம் மாடி வீடாயிற்று. யாருக்கும் தலை வணங்காதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதில் அந்த ஊராருக்குத் தனிப் பெருமை.

அந்தச் செழிப்பு அயல் அரசர்களின் கண்ணை உறுத்தியது. ஒருவன் மாற்றி ஒருவன் கப்பற்படையோடு வந்தான். ஒவ்வொரு சண்டையிலும் ஊர் ஜெயித்தது. ஒவ்வொரு சண்டையிலும் ஆள் குறைந்தது. சபையின் மூத்தவர் அந்துவன் தன் மகன்களை அப்படித்தான் இழந்தார். மிஞ்சியவன் தம்பி கொற்றன். அவனும் கப்பலோடு தூரதேசம் போயிருந்தான்.

மறுபடியும் ஒரு படை வருகிறது என்று தெரிந்ததும் சபை கூடியது. பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி ஆற்று வாயில் மூழ்கடித்துவிட்டால் எவனும் உள்ளே வர முடியாது என்றார்கள் பாதிப் பேர். அது நம் கழுத்தை நாமே நெரிப்பது என்றார்கள் மீதிப் பேர். அந்துவன் மட்டும் பாக்கி.

காகம் அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. "நம் கப்பல்கள் இன்னும் வெளியே இருக்கின்றன. உங்கள் தம்பியும் இருக்கிறார். அவர்களை நான் எங்கே கூட்டி வருவேன்?"

"தெரியாது," என்றார் அந்துவன். "இன்னொரு சண்டைக்கு என்னிடம் தெம்பில்லை."

கையைத் தூக்கினார்.

படை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஊர் பிழைத்தது. ஆனால் மூழ்கிய கப்பல்களில் ஆற்று மணல் தங்கி மேடாயிற்று. தோண்டத் தோண்டத் தூர்ந்தது. திரும்பி வந்த கப்பல்கள் நுழைய வழியில்லாமல் தூரத்திலேயே நின்றன. காகம் பறந்து போய்க் கொற்றனிடம் பேசிவிட்டு வந்தது.

"அவருக்குக் கோபமில்லை. கிழக்கே வேறொரு துறைக்குப் போகிறாராம். அங்கே அரசன் உண்டு, வரி உண்டு. ஆனால் தண்ணீர் ஆழமாம். ஒருநாள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லச் சொன்னார்."

பிறகு குடும்பம் குடும்பமாக ஊர் காலியாயிற்று. சபை கூடினால் தூக்கக் கையில்லை. அந்துவனும் மனைவியோடு உள்நாட்டுக்குப் போய், ஓர் அரசனின் நிலத்தில் நெல் பயிரிட்டார். வழிகாட்டக் கப்பல் இல்லாத காகமும் கூடவே போயிற்று.

விடிந்தால் வாசலில் உட்கார்ந்து, "வருகிறார், வருகிறார்" என்று சொல்லும். அந்துவனுக்காகச் சொன்னதோ, தனக்காகவே சொன்னதோ. சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்தது. பேச்செல்லாம் போய், கரகரத்த ஒற்றைக் கூப்பாடுதான் மிஞ்சியது.

ஒருநாள் அது கரைந்து ஓய்ந்த சற்றைக்கெல்லாம் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அந்துவன் பதறி எழுந்து போனார். கொற்றன் இல்லை. பசியோடு நின்ற யாரோ வழிப்போக்கன். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே திரும்பி, "இலை போடு" என்றார்.

கொற்றன் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் வாசலில் காகம் கரைந்தால், யாரோ வரப்போகிறார்கள் என்று உலையில் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுகிறோமே, அது அன்று முதல்தான்.