மிதப்பா? முங்கலா?

"மிதப்பா? முங்கலா?"

துள்ளி என்ற முயல் குட்டி குளக்கரையில் நின்று கத்தியது. அதன் கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"முங்கல்!" என்றது தண்ணீரில் கிடந்த ஆமைக் குட்டி மொந்தன்.

பொளக்! பழம் உள்ளே போனது. அடுத்த நொடியே மேலே வந்து ஆடியது.

"மிதப்பு! தோத்தாங்குளி! தோத்தாங்குளி!" துள்ளி கரையெல்லாம் குதித்தது.

இதுதான் அவை தினமும் ஆடுகிற ஆட்டம். குளத்தை ஒட்டி ஒரு வண்டிப்பாதை. அந்தப் பாதையில் ஒரு பள்ளம். சந்தைக்குப் போகிற மாட்டுவண்டி அதில் இறங்கி ஏறும்போது ஏதாவது ஒன்று உருண்டு விழும். விழுந்தது எதுவானாலும் இவை இரண்டும் அதை நேராகக் குளத்துக்குக் கொண்டுவந்துவிடும்! புளியங்கொட்டையைப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு நாள் பரங்கிக்காயைக்கூட உருட்டிவிட்டுப் பார்த்தாயிற்று. கமலாப்பழத்தை உரித்தால் கையெல்லாம் மணக்கும். வெண்டைக்காயைத் தண்ணீரில் பிசைந்தால் வழவழவென்று நழுவும். ஐயோ, அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! எல்லாம் ஆன பிறகு தின்றும் பார்த்துவிடுவார்கள். வீணாக்குகிற பிள்ளைகள் இல்லை.

துள்ளியின் அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவே பிடிக்காது.

"திங்கிற சாமானைத் தண்ணியில போட்டு என்னடா கூத்து? வாயில போட்டோமா, வயித்துக்குள்ள தள்ளினோமான்னு இருக்க மாட்டீங்களா?" என்று தினமும் வந்து திட்டும்.

இன்றைக்கு அது திட்ட வரவில்லை. காலில் முள் ஏறி, வீங்கி, மேட்டுப் புதருக்குள் கிடந்தது. கோடை வெயில் கொளுத்தியது. குளம் வரை நடந்து வர அதற்கு முடியவில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. துள்ளி வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தது. பாதி ஒழுகிவிட்டது. மீதியை மூச்சு வாங்கும்போது அதுவே விழுங்கிவிட்டது!

அதனால்தான் இன்று ஆட்டத்தில் ஒரு கண், வண்டிப்பாதையில் ஒரு கண். எலுமிச்சை புளிக்கும்; இனிப்புச் சாறுள்ள பழம் ஒன்று விழாதா என்று துள்ளிக்கு மனசு அடித்துக்கொண்டது.

தடக்! முடக்! வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கியது. ஏறியது. போய்விட்டது.

"மொந்தா! ஓடி வாடா!"

என்னென்ன விழுந்திருந்தன தெரியுமா? கமலாப்பழங்கள்! ஒரு குவியல் நிலக்கடலை! சில பிடிகருணைக் கிழங்குகள்! எல்லாவற்றுக்கும் நடுவில், துள்ளியைவிடப் பெரியதாக, ஒரு தர்பூசணி!

"உள்ள முழுக்கத் தண்ணிடா! எங்கம்மா பொழைச்சாங்க!" என்று துள்ளி அழுதுகொண்டே சிரித்தது.

இருவரும் அத்தனையையும் கரைக்கு உருட்டிக் கொண்டுவந்தார்கள். அப்போது புதர் விலகியது. வந்தது யார்? குள்ளநரி!

"வைங்கடா கீழே! இது நான் நடமாடுற இடம். இங்க விழுந்தது எல்லாம் என்னுது!"

"நரி மாமா, நாங்கதான் முதல்ல பார்த்தோம்! அம்மாவுக்குத் தாகம்..." என்றது துள்ளி.

"உங்கம்மா தாகத்துக்கு நான் என்ன பண்ணட்டும்?"

நரி தர்பூசணியின் மேல் காலை வைத்தது. அவ்வளவுதான், குளத்தின் நடுவில் ஒரு பாறை எழுந்து நின்றது. பாறை இல்லை, எருமை! கருப்பாயி என்று பெயர். சேற்றில் கிடந்து அசைபோட்டுக்கொண்டிருந்த கருப்பாயிக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. அதுவே பெரிய கோபம்.

"யாருடா அங்க, பிள்ளைங்ககிட்ட வம்பு பண்றது?"

நரி அந்தக் கொம்பைப் பார்த்தது. உடனே குரலைத் தேனாக்கிக்கொண்டது.

"வம்பா? நானா? ஐயையோ! பிள்ளைங்களோட விளையாட வந்தேங்க. ரெண்டே ஆட்டம். முதல் ஆட்டத்துல மிதக்கிறது எனக்கு, முங்குறது அவங்களுக்கு. ரெண்டாவது ஆட்டத்துல அப்படியே மாத்திக்குவோம். முங்குறது எனக்கு, மிதக்கிறது அவங்களுக்கு. சரிக்குச் சரி!"

"நியாயமாத்தானே இருக்கு," என்றது கருப்பாயி.

நியாயமா! நரி பல நாளாகப் புதருக்குள் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்திருக்கிறது. தண்ணீரில் ஒரு விரலைக்கூட நனைத்ததில்லை. ஆனால் கமலாப்பழம் மிதப்பதையும் நிலக்கடலை மிதப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறது. ஆகவே அவற்றை முதல் ஆட்டத்தில் வைத்தது. தர்பூசணியையும் பிடிகருணையையும் இரண்டாவதற்கு ஒதுக்கியது. இவ்வளவு கனமான காய் முங்காமல் எங்கே போகும்? எல்லாம் நமக்குத்தான் என்று அதற்கு வாயெல்லாம் எச்சில்.

மொந்தன் துள்ளியின் காதில் முணுமுணுத்தது. "டேய், கமலாப்பழம் மிதக்குமேடா! எல்லாம் போச்சே!"

"உரிக்காம போட்டாத்தானே மிதக்கும்!" என்று துள்ளி கண்ணடித்தது.

மொந்தனின் முகம் மலர்ந்துவிட்டது.

துள்ளி ஒரு கமலாப்பழத்தை எடுத்தது. நரி "போடு! போடு!" என்று துடித்தது. துள்ளி அவசரப்படவில்லை. தோலை உரித்தது. சுளை சுளையாகப் பிரித்தது. மற்ற பழங்களையும் அப்படியே செய்தது. பிறகு எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டது.

தோல் மிதந்தது. சுளைகள் சொளக் சொளக்கென்று அடிக்குப் போயின!

நிலக்கடலையைக் கடித்து உடைத்தது. தண்ணீரில் கொட்டியது. ஓடு மிதந்தது. பருப்பு முங்கியது!

"இந்தாங்க மாமா, மிதக்கிறது உங்களுக்கு!" மொந்தன் தோலையும் ஓட்டையும் மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து நரியின் காலடியில் குவித்தது. பிறகு ஒரே முங்கு! சுளையையும் பருப்பையும் அள்ளிக் கரை சேர்த்தது.

"அழுகுணி ஆட்டம்! உரிக்கலாம்னு யார் சொன்னது?" என்று நரி குதித்தது.

"உரிக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே!" என்றது கருப்பாயி. "அடுத்த ஆட்டம் ஆடு!"

நரி பல்லைக் கடித்தது. போகட்டும், தர்பூசணி இருக்கிறதே!

இப்போது துள்ளி தர்பூசணியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பரங்கிக்காய் மிதந்தது நிஜம். சின்னஞ்சிறு புளியங்கொட்டை முங்கியதும் நிஜம். ஆனால் தர்பூசணியை அது ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. முங்கிவிட்டால்? அம்மாவின் தாகத்துக்கு அந்தச் சுளைகள் மட்டும் போதுமா?

துள்ளி காயைக் கட்டிப்பிடித்தது. விரலால் தட்டியது. டொம்! டொம்! பரங்கிக்காயைத் தட்டியபோதும் இதே சத்தம்தானே வந்தது!

"தள்ளுடா மொந்தா!"

தொபுக்கடீர்! தண்ணீர் எகிறி நரியின் முகத்தில் அடித்தது. தர்பூசணியைக் காணோம்!

"முங்கிருச்சு! முங்கிருச்சு! எனக்குத்தான்!" நரி ஆட ஆரம்பித்தது.

துள்ளி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

புளுக்! பச்சை மண்டை ஒன்று மேலே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. ஹாயாக மிதந்தது!

"மிதப்பு! மிதப்பு! மிதப்பு!" இரண்டு குட்டிகளும் போட்ட கூச்சலில் கொக்குகள் எல்லாம் பறந்தோடின. கருப்பாயிகூட வாலைச் சுழற்றி இரண்டு தட்டுத் தட்டியது.

பிடிகருணைகள் மட்டும் மரியாதையாக அடிக்குப் போயின. மொந்தன் ஒரு கிழங்கை எடுத்துவந்து நரியிடம் நீட்டியது.

"முங்குனது உங்களுக்கு மாமா!"

கிடைத்ததையாவது தின்போம் என்று நரி ஒரு கடி கடித்தது. பச்சைக் கருணை! நாக்கு அரித்தது. தொண்டை அரித்தது. "ஆ! ஊ!" என்று அலறிக்கொண்டு ஓடிய நரி அப்புறம் அந்தக் குளத்துப் பக்கமே வரவில்லை.

கருப்பாயி தர்பூசணியைக் கொம்பால் முட்டி முட்டி மேட்டுக்கு உருட்டிக் கொடுத்தது. புதர் வாசலில் ஒரே மோதல், காய் பிளந்தது! தாய் முயல் முகத்தை உள்ளே புதைத்து உறிஞ்சியது. உறிஞ்சி முடித்த பிறகுதான் அதற்குப் பேச்சு வந்தது. நடந்ததையெல்லாம் கேட்டது. துள்ளியை இழுத்து அணைத்துக்கொண்டது.

கால் வீக்கம் கொஞ்சம் வற்றிய அன்றே தாய் முயல் நொண்டிக்கொண்டு குளக்கரைக்கு வந்துவிட்டது. திட்டத்தான் வருகிறது என்று நினைத்து இரண்டு குட்டிகளும் நடுங்கின. அது மூடிய கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டியது. உள்ளே ஒரு தர்பூசணி விதை.

"சொல்லுங்கடா பார்ப்போம்! மிதப்பா? முங்கலா?"

தள்ளி நின்று வேடிக்கை பார்த்தே எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவரை, கையை நனைத்து விளையாடிக் கற்றுக்கொண்ட சின்னஞ்சிறுசுகூட ஜெயித்துவிடும்.